கூட்டத் தெரியும், குறைக்கத் தெரியாது

கட்டுப்பாட்டுப் பெட்டியின் திரையில் விசிறியின் வேகம் 0 விழுக்காடு. நாம் கேட்ட வெப்பநிலை 110 டிகிரி செல்சியஸ். உள்ளே இருப்பதோ 128, இன்னும் ஏறுகிறது. கரி ஸ்மோக்கரில் தானியங்கி ப்ளோயர் பொருத்தியவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். விசிறி சுற்றவே இல்லை, நெருப்பு மட்டும் எப்படி வளர்கிறது? பெட்டி பழுது என்று முடிவுகட்டி, அதைத் திருப்பி அனுப்பப் பெட்டியின் பெட்டியைத் தேடுவார்கள். பெரும்பாலும் பெட்டியில் ஒரு பழுதும் இருக்காது.

முதலில் இந்த அமைப்பு என்னவென்று பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பிரிஸ்கட் எனப்படும் மாட்டு நெஞ்சுக்கறியை 107 முதல் 121 டிகிரி வரையிலான மிதமான சூட்டில், புகையில், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவைப்பார்கள். அவர்கள் ஊர்க் கணக்கில் அது 225 முதல் 250 ஃபாரன்ஹீட். கடைகளில் இதற்கென்று இரவு முழுக்க விறகு தள்ளும் ஆள் உண்டு. வீட்டுக் கொல்லையில் சமைப்பவருக்குத் தூக்கம் வேண்டுமே. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானிலிருந்து அமெரிக்கா போன முட்டை வடிவ அடுப்பான கமாடோ, இரும்புத் தகட்டால் ஆன உருளை ஸ்மோக்கர் போன்றவற்றின் அடிப்புறக் காற்றுத் துளையில் ஒரு சிறு விசிறியைப் பொருத்தி, உள்ளே ஒரு வெப்ப உணரியை மாட்டி, இரண்டையும் ஒரு கணினிச் சில்லோடு இணைத்துவிட்டால் அந்த ஆளின் வேலையை அது பார்த்துக்கொள்ளும். சூடு குறைந்தால் ஊதும், கூடினால் நிறுத்தும். விளம்பரத்தில் சொல்வது இவ்வளவுதான். கூடியபின் அதை யார் குறைப்பது என்ற கேள்வி அதில் வராது.

கரி எவ்வளவு கொட்டியிருக்கிறோம் என்பதற்கும் உள்ளே எவ்வளவு சூடு என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஐந்து கிலோ கரி கிடந்தாலும் காற்று எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவுதான் எரியும். 1917இல் பிரிட்டனைச் சேர்ந்த தார்ன்டன் என்ற ஆய்வாளர் ஒரு வியப்பான ஒழுங்கைக் கவனித்தார். கரிமப் பொருள் எதை எரித்தாலும், செலவாகும் ஆக்சிஜன் ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றே: சுமார் 13 மெகாஜூல். தூய கார்பனுக்கு அது சற்றே குறைந்து 12 சொச்சம். காற்றில் எடைக்கு 23 விழுக்காடு ஆக்சிஜன் என்பதால், ஒரு கிலோ காற்று முழுதாகச் செலவானால் கரியிலிருந்து ஏறத்தாழ 2.9 மெகாஜூல் கிடைக்கும். தீ விபத்துகளை ஆராயும் கூடங்களில், எரியும் சோஃபா எத்தனை கிலோவாட் வெப்பம் தருகிறது என்பதை இன்றும் அது தின்னும் ஆக்சிஜனை அளந்துதான் கணக்கிடுகிறார்கள்.

நம் அடுப்புக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 110 டிகிரியில் நிலைத்திருக்க, சுவர் வழியாகவும் மேல் துளை வழியாகவும் வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்டினால் போதும். அது ஒரு கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பியின் அளவு. அதற்குத் தேவையான காற்று நிமிடத்துக்குச் சுமார் 17 லிட்டர். மூன்று பேர் சும்மா உட்கார்ந்து விடும் மூச்சைவிடக் கொஞ்சம் குறைவு! எரியும் கரி மணிக்கு 120 கிராம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரைக் கிலோ போதும். உள்ளே போகும் ஆக்சிஜன் எல்லாமே கரியைத் தொட்டுவிடாது என்பதால் நடைமுறையில் காற்று இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். ஆனாலும் கணக்கின் அளவு மாறாது.

விற்பனையாகும் சிறு ப்ளோயர் ஒன்றின் திறன், தடையில்லாத நிலையில், நிமிடத்துக்கு 280 லிட்டர். தேவைக்குப் பதினாறு மடங்கு. "இன்னும் பெரிய விசிறி வாங்கலாமா?" என்று கேட்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரிய விசிறியால் கிடைப்பது சாம்பல் தூவிய கறிதான்.

விசிறி நின்ற பிறகு காற்று எங்கிருந்து வருகிறது? சூடான காற்று எடை குறைந்தது. உள்ளே 110 டிகிரியும் வெளியே 30 டிகிரியும் இருக்கும்போது, அரை மீட்டர் உயரமுள்ள உள்காற்றுத் தூணுக்கும் அதே உயர வெளிக்காற்றுக்கும் உள்ள எடை வேறுபாடு 1.2 பாஸ்கல் அழுத்தத்தை உண்டாக்கும். வளிமண்டல அழுத்தத்தில் அது லட்சத்தில் ஒரு பங்குதான். அந்த அற்ப அழுத்தம், நாலைந்து சதுர சென்டிமீட்டர் துளை வழியாக நிமிடத்துக்கு இருபது லிட்டர் காற்றை இழுத்துவிடும். அதாவது, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் துளை ஒன்று இருந்தால் விசிறியே வேண்டாம். அடுப்பு தானாக 110 டிகிரிக்கு மேலே போகும். துளை ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. உருளை ஸ்மோக்கரின் பக்கக் கதவைச் சுற்றி ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் மொத்தம் 10 சதுர சென்டிமீட்டர் ஆயிற்று. மெல்லிய இடுக்கில் உராய்வு கொஞ்சம் தடுக்கும். தடுத்தாலும் தேவைக்கு மேல்தான் நுழையும்.

காற்றடித்தால் கதை இன்னும் மோசம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் இளங்காற்று, எதிர்ப்படும் பரப்பில் 5 பாஸ்கலுக்கு மேல் அழுத்தும். அடுப்பின் சொந்த இழுப்பைப்போல் நான்கு மடங்கு. விசிறியின் வாய் காற்று வரும் திசையைப் பார்த்திருந்தால், இலை அசையும் அளவுக்கு ஒரு காற்று வந்தாலும் போதும், மின்சாரமே இல்லாமல் ப்ளோயர் வேலை செய்யத் தொடங்கிவிடும். அடுப்பைத் திருப்பி வைப்பது செலவில்லாத மருத்துவம்.

எனவே எந்தக் குறைக்கும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது என்பது என் கட்சி. அடுப்பு வேலை செய்யும் சூட்டில் இருக்கும்போது, மேல் துளையை வழக்கமாக வைக்கும் அளவிலேயே விட்டுவிட்டு, விசிறியைக் கழற்றி அது பொருந்தும் துளையை அலுமினியத் தாளாலும் டேப்பாலும் முழுதாக மூடுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். வெப்பநிலை சீராக இறங்கினால், கசிவு நெருப்பின் பசிக்குக் குறைவு. அதாவது விசிறி எஜமானனாக இருக்க முடியும், மிச்சக் குறைகளைப் பெட்டியின் எண்களில் தேடலாம். இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ, பெட்டியின் எண்களை ஆயிரம் முறை மாற்றினாலும் பயனில்லை. கசிவைத் தேடுங்கள். கதவிடுக்கிலும் மூடி விளிம்பிலும் புகை வெளியே வரும் இடங்கள் மேல்பாதியின் கசிவுகள். கீழ்ப்பாதியில் புகை வராது, காற்று உள்ளேதான் போகும். அங்கே எரியும் ஊதுபத்தியைக் கொண்டுபோனால் அதன் புகை உள்நோக்கி வளையும். தீயைத் தாங்கும் ஃபெல்ட் கேஸ்கட், துளைகளில் அலுமினியத் தாள், வளைந்த கதவைத் தட்டி நிமிர்த்துவது என்று மருந்து எளியதுதான். மேல் துளையைக் குறைப்பதும் உதவும், ஏனென்றால் வெளியேறாத காற்று உள்ளேயும் வராது. முழுக்க மூடிவிடக்கூடாது, மூடினால் சூடான புகை வெளியேறத் தாழ்வான வழி தேடி விசிறிக்குள் புகுந்து, தார் படிய வைத்து, பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

சோதனையில் தேறிய அடுப்பும் சில நாள் எகிறும். அதற்கு நாம் தொடக்கத்தில் எவ்வளவு கரியைப் பற்றவைத்தோம் என்று கேட்க வேண்டும். கூடை முழுக்கத் தணலாக இருந்தால், அந்த வெப்பம் ஏற்கெனவே விளைந்துவிட்ட ஒன்று; எந்தக் கருவியும் அதைத் திரும்ப வாங்க முடியாது. அமெரிக்கர்கள் மினியன் முறை என்று சொல்வது இதற்குத்தான்: பற்றாத கரியை நிரப்பி, மேலே ஒரு பிடி தணலை மட்டும் வைப்பது. நெருப்பு மெல்லப் பக்கத்துக் கரிக்குப் பரவும், விசிறி சொல்லும் வேகத்தில்.

கமாடோவில் இது இன்னும் கடுமை. அதன் சுட்ட பீங்கான் உடல் 70 கிலோ வரை இருக்கும். அது முழுதும் 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதற்குள் 600 கிலோஜூலுக்கு மேல் சேர்ந்துவிடும். விசிறி நின்ற பிறகும் தணல் அணையாமல், இழப்பில் முக்கால்வாசியை ஈடுகட்டிக்கொண்டே இருந்தால், அந்த 10 டிகிரி இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். முப்பது டிகிரி தாண்டியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். பெட்டி பழுதானதால் இந்தத் தாமதம் வரவில்லை. கூட்டுவதற்கு ஒரு விசிறி இருக்கிறது. குறைப்பதற்கு எதுவுமே இல்லை.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. சூட்டைத் தானே அளந்து தானே திருத்திக்கொள்ளும் முதல் அடுப்புகளில் ஒன்றை, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொர்னேலிஸ் டிரெபல் என்ற டச்சுக்காரர் இங்கிலாந்தில் செய்தார். வேதியியல் உலைக்கும் கோழிமுட்டை பொரிக்கும் பெட்டிக்கும் அதைப் பயன்படுத்தினார். சூடு ஏறினால் ஒரு குழாயிலிருந்த ஆல்கஹால் விரியும். அது பாதரசத்தைத் தள்ளும். பாதரசம் ஒரு கம்பியை உயர்த்தும். கம்பி நெருப்பின் காற்றுவழியை மூடும். மின்சாரம் இல்லாத காலத்தில் அவர் மூடுவதைத்தான் தானியங்கியாக்கினார். நானூறு ஆண்டு கழித்து நாம் ஊதுவதை மட்டும் தானியங்கியாக்கிவிட்டு மூடுவதை மறந்துவிட்டோம். விசிறியோடு ஒரு சிறு மோட்டாரால் திறந்து மூடும் தடுக்கும் சேர்ந்த கருவிகள் இப்போது கிடைக்கின்றன. புதிதாக வாங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அவற்றைத்தான். தடுக்கு இல்லாத விசிறியில் வாயைச் சுருக்கும் ஷட்டர் இருந்தால், அதை முக்கால்வாசி மூடியே வைப்பது அந்த வேலையில் பாதியைச் செய்யும்.

பெட்டிக்குள் ஓடும் கணக்கின் பெயர் பிஐடி. இதை எழுத்தில் தெளிவாக வரைந்தவர் நிக்கோலாய் மினோர்ஸ்கி. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கக் கடற்படைக்காக உழைத்தவர். 1922இல் வெளிவந்த அவருடைய கட்டுரை கப்பலைத் தானாகத் திசை மாறாமல் செலுத்துவது பற்றியது. தேர்ந்த மாலுமி சுக்கானைத் திருப்பும்போது கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு நேரமாக விலகியே இருக்கிறது, எந்த வேகத்தில் விலகுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கிறான். அந்த மூன்றுமே பிஐடியின் மூன்று எழுத்துகள்: இப்போதைய பிழை, சேர்ந்த பிழை, பிழை மாறும் வேகம். ஆனால் சுக்கான் இரண்டு பக்கமும் திரும்பும். நம் விசிறி ஒரு பக்கம்தான் திரும்பும்.

அதனால் இரண்டு கோளாறுகள் வருகின்றன. முதலாவது, சேர்ந்த பிழையின் கணக்கு. குளிர்ந்த அடுப்பில் 110 என்று அமைத்து நடந்துவிட்டால், சூடேறும் நாற்பது ஐம்பது நிமிடமும் அந்தக் கணக்கு கடனைப்போல் ஏறுகிறது. 110 தொட்ட பிறகும் பழைய கணக்கைத் தீர்க்க விசிறி ஊதிக்கொண்டே இருக்கிறது. நல்ல பெட்டிகள் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கும். இல்லாத பெட்டிக்கு, முதலில் 90 என்று அமைத்து, அது நிலைத்தபின் 110க்கு ஏற்றுவது போதும். இரண்டாவது, எண்களை இசைக்கும் முறை. சீக்லர், நிக்கோல்ஸ் என்ற இரு பொறியாளர்கள் 1942இல் தந்த விதி இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது: பிழைக்குக் கருவி காட்டும் எதிர்வினையைக் கூட்டிக்கொண்டே போய், வெப்பநிலை நிற்காமல் ஊசலாடத் தொடங்கும் புள்ளியைக் கண்டு, அதிலிருந்து கணக்கிடு. அந்த விதி வேண்டுமென்றே கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வரும்படி அமைந்தது. தாண்டினால் திரும்ப வழியில்லாத அடுப்புக்கு அதை அப்படியே போடக்கூடாது. அந்த விதி தரும் எண்ணில் பாதிக்கும் குறைவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். 110 என்று கேட்டு 106க்கும் 114க்கும் இடையே ஆடினால் எண்களைத் தொடவே வேண்டாம். கறிக்கு அந்த வேறுபாடு தெரியாது. திரையைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

நேர் எதிர்க் குறை ஒன்று உண்டு: விசிறி 100 விழுக்காட்டில் கத்துகிறது, சூடு இறங்குகிறது. இதற்குக் காரணம் அநேகமாகச் சாம்பல். தட்டியின் கண்களைச் சாம்பலும் பொடிக்கரியும் அடைத்துக்கொண்டால் விசிறி ஊதும் காற்று கரியைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சாம்பல் போர்த்திய தணலுக்கும் ஆக்சிஜன் எட்டாது. நீறு பூத்த நெருப்பு என்பது வெறும் சொல்வழக்கு இல்லை. இன்னொரு காரணம், பெரிய துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து பாலம்போல் நின்று, கீழே எரிந்துபோய்க் குகையாவது. மேலே கரி நிறைய இருக்கும், நெருப்பைத் தொடாமல். நீளக் கம்பியால் ஒரு குத்து குத்தினால் இறங்கும். குத்துவதற்கு முன் விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் விழுந்த கரியில் ஒரே நேரத்தில் தீப்பற்றி மேலே சொன்ன முதல் குறைக்குப் போய்ச் சேர்வீர்கள். ஈரக்கரி, அளவுக்கு மீறி மூடிய மேல் துளை, தண்ணீர்த் தட்டு நிறையப் பச்சைத் தண்ணீர் ஆகியவையும் இதே அறிகுறியைக் காட்டும்.

பெட்டி பார்ப்பது அடுப்பை இல்லை, உணரியின் நுனியை. இதை மறந்தால் எல்லாக் கண்டறிதலும் தவறிப்போகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஆறு கிலோக் கறிக்கு இரண்டு விரல் தள்ளி நுனியை வைத்தால், கறியைச் சுற்றியுள்ள குளிர்ந்த, ஈரமான காற்றைத்தான் அது அளக்கும். பெட்டி உண்மையாகவே ஊதும், அடுப்பு உண்மையாகவே கொதிக்கும். மூடியிலுள்ள முள் வெப்பமானி வேறு எண் காட்டுகிறதே என்று கலங்குபவர்கள் உண்டு. மூடிக்கும் தட்டிக்கும் வெப்பம் வேறுதான். கறி கிடக்கும் தட்டியை நம்புங்கள், இரண்டையும் ஒன்றாக்க முயலாதீர்கள்.

உணரியே பொய் சொல்லும் நேரமும் உண்டு. இவற்றில் பலவும் தெர்மிஸ்டர் வகை. சூடாகச் சூடாக மின்தடை குறையும். 25 டிகிரியில் ஒரு லட்சம் ஓம் உள்ள வகை 110 டிகிரியில் சுமார் ஐயாயிரத்துக்கு வந்துவிடும். கம்பி உலோகக் குழாய்க்குள் நுழையும் இடத்தில், கழுவும்போது தண்ணீர் புகுந்தால், ஈரம் மின்சாரத்துக்கு ஒரு குறுக்குவழி திறக்கிறது. தடை குறைகிறது, பெட்டி அதைச் சூடு என்று படிக்கிறது, விசிறியை நிறுத்துகிறது, அடுப்பு அணைகிறது, திரையில் 140 டிகிரி. கம்பி அறுந்தால் இதற்கு மறுதலை: தடை எல்லையற்றுப் போவதால் கடுங்குளிர் என்று படிக்கக்கூடும். ஒழுங்கான பெட்டி அதைப் பிழை என்று அறிந்து விசிறியை நிறுத்தும். தெர்மோகப்பிள் வகையில் இரண்டு கம்பியையும் மாற்றிச் செருகினால் சூடு ஏற ஏற எண் இறங்கும், விசிறி மேலும் ஊதும். இதைவிட ஆபத்தான இணைப்பு இந்த அமைப்பில் கிடையாது. சந்தேகம் வந்தால் நுனியை மட்டும் ஐஸ் தண்ணீரிலும் பிறகு கொதிக்கும் நீரிலும் வைத்துப் பாருங்கள்: 0, 100. மலையூரில் இருப்பவர்கள் உயரத்துக்குத் தக்கபடி குறைத்துக்கொள்ள வேண்டும். 1,600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும்.

பழுதே இல்லாமல் பழுதுபோலத் தெரியும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அடுப்பு 110இல் அசையாமல் நிற்கிறது, ஆனால் கறிக்குள் செருகிய உணரி 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கோ மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நகரவில்லை. கறியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் நீர், அடுப்பு தரும் வெப்பம் முழுவதையும் எடுத்துச் சென்றுவிடுகிறது. நமக்கு வியர்வை செய்வதைத்தான் கறிக்கு அது செய்கிறது. இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் சோதனைகளில் இதைக் காட்டினார். தாளில் இறுகச் சுற்றிய கறி இந்தத் தேக்கத்தைச் சந்திப்பதில்லை. பொறுமை இழந்து அடுப்பின் எண்ணை 140க்கு ஏற்றுபவர்கள், மேலே பார்த்த பீங்கான் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். ஏற்றியதை இறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மூடியைத் திறப்பது தனி நாடகம். திறந்ததும் உணரி விழுகிறது, பெட்டி பதறி ஊதுகிறது, அதே சமயம் திறந்த வாய் வழியாகவும் காற்று கொட்டுகிறது. மூடிய பத்து நிமிடத்தில் சூடு எகிறும். நல்ல பெட்டிகள் திடீர்ச் சரிவைக் கண்டதும் சில நிமிடம் ஊதாமல் காத்திருக்கும். உங்களுடையது காத்திருக்காது என்றால் திறப்பதற்கு முன் கையால் நிறுத்துங்கள். கமாடோவானால் இன்னொரு எச்சரிக்கை. காற்றுக்குப் பசித்த சூடான தணல், கார்பன் டை ஆக்சைடைத் திரும்பவும் கார்பன் மோனாக்சைடாக மாற்றும். அது எரியும் வாயு. மூடியை ஒரே இழுப்பில் தூக்கினால் புதுக்காற்று பட்டு அது முகத்துக்கு நேரே பற்றிக்கொள்ளும். முதலில் இரண்டு விரல் இடைவெளி மட்டும் திறந்து, சில நொடி விட்டு, பிறகு முழுதாகத் தூக்க வேண்டும். அதே வாயுவின் காரணமாகத்தான், மழை வந்துவிட்டது என்று இந்த அடுப்பைக் கார் நிறுத்தும் அறைக்குள் தள்ளி வைக்கக்கூடாது. சமையல் முடிந்ததும் விசிறியின் மின்சாரத்தைப் பிடுங்கினால் நெருப்பு அணைந்துவிடாது. விசிறியைக் கழற்றி அந்தத் துளைக்கு மூடி போட்டு, மேல் துளையையும் முழுதாக அடைத்தால்தான் அணையும். மிஞ்சிய கரியைச் சலித்து, பொடியைக் கொட்டிவிட்டு, துண்டுகளை அடுத்த முறைக்கு அடியில் போட்டுக்கொள்ளலாம்.